பொருள்: மேனேஜருடன் நடக்க ஒரு டார்ச்

அன்புள்ள மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் சுகம். அவ்விடம் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும், உன் கடையிலுள்ள வயர்களும் சுவிட்சுகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பொருள்: இருட்டிய பிறகு நாயை நடத்திச் செல்ல உகந்த டார்ச் லைட்டைத் தேர்வு செய்தல், ஆலோசனை கோருதல், தொடர்பாக.

பார்வை: இல்லை.

மேலே உள்ளதைப் பார்த்துச் சிரிக்காதே. முப்பத்தொரு வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவனுக்குப் பொருளும் பார்வையும் போடாமல் கடிதம் எழுதக் கை வராது. இது குறித்து உனக்கு முன்கடிதம் எதுவும் நான் எழுதாததால் பார்வைக்கு எதிரே இல்லை என்று போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். போனில் பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனை எடுத்தால் உன் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழக்கூடாத விஷயம் இது.

எங்கள் வீட்டு நாயை நீ பார்த்திருக்கிறாய். மகள் கொண்டுவந்து விட்டபோது அதற்கு ஏதோ ஒரு பெயர் சொன்னாள், எங்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. வந்த அன்று அது அறை அறையாகப் போய் முகர்ந்து பார்த்தது, எதைப் பற்றியும் கருத்துச் சொல்லாமல் திரும்பி வந்து, இருப்பதிலேயே நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. சரி, மேனேஜர் வந்துவிட்டார் என்றேன், அதுவே பெயராக நின்றுவிட்டது. இதில் ஒரே ஒரு சங்கடம். மேனேஜர் என்று சொன்ன வாய்க்கு அதன் பின்னால் வா, போ என்று சொல்ல வரவில்லை. வேலையில் இருந்தவரை அப்படிச் சொல்லிப் பழகவில்லையே! அதனால் "மேனேஜர், வாங்க", "மேனேஜர், சாப்பிட்டீங்களா" என்றே பேச்சு நடக்கிறது. "முப்பத்தெட்டு வருஷத்துல என்னை ஒரு நாளாவது வாங்கன்னு கூப்பிட்டிருக்கீங்களா?" என்று உன் அக்கா கேட்டாள். நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்துவிட்டேன்.

மேனேஜருக்குக் கௌரவம் அதிகம். நாலு பேர் பார்க்கும் வெளிச்சத்தில் தன் காரியத்தை முடிக்க மாட்டார். இருட்டிய பிறகுதான் கிளம்புவோம். போன மாதம் ஒரு நாள் எங்கள் தெருமுனையில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தில் நான் விழுந்துவிட்டேன். முழங்காலில் தோல் போனது, சட்டையில் பொத்தான் போனது. செய்தி கேட்டதும் மகள் போனில், "அப்பா, இருட்டுல இப்படி விழுந்து எலும்பு கிலும்பு உடைஞ்சா என்ன பண்றது? ஒழுங்கா ஒரு நல்ல டார்ச் வாங்குங்க. நான் அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வந்து, கூடவே நடந்து பாப்பேன். சரியில்லைன்னா நாயை நான் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்றாள். சொன்னால் செய்வாள், என் மகள். வேலையை விட்டு வந்த பிறகு நான் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப இருக்கிற ஒரே காரணம் இந்த நாய்தான். அதுவும் போய்விட்டால் நான் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து உன் அக்கா காய் நறுக்குவதில் குறை சொல்லிக்கொண்டிருப்பேன், அது எங்கள் இருவருக்குமே நல்லதில்லை. ஆகவே டார்ச் தேடிப் புறப்பட்டேன், என் தலைவிதி.

ஹார்டுவேர் கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் டார்ச் என்று நான் வாய் திறந்ததும், "எத்தனை லூமன் வேணும் சார்?" என்றார். ஒன்று போதும் என்றேன். அவர், "சார், மெழுகுவர்த்தியே பத்துப் பன்னெண்டு லூமன் வரும்" என்றார். பிறகு, "த்ரோ வேணுமா, ஃப்ளட் வேணுமா?" என்று கேட்டார். நான் அகராதியோடு வாழ்ந்தவன். ஒன்று எறிவது, இன்னொன்று வெள்ளம். எறியவும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம், நாயோடு நடந்தால் போதும் என்றேன். தூரப் பாயும் வெளிச்சமா, அகலப் பரவும் வெளிச்சமா என்பதுதான் கேள்வியாம். நாய் என்றதும் பக்கத்தில் ஆணி வாங்க வந்தவர், பெயின்ட் வாங்க வந்தவர் எல்லோருக்கும் கருத்து வந்துவிட்டது. ஒருவர் மஞ்சள் வெளிச்சம்தான் கண்ணுக்கு நல்லது என்றார், ஒருவர் வெள்ளைதான் என்றார், ஒருவர் டார்ச்சே வேண்டாம், நாயின் கழுத்தில் மின்னுகிற பட்டை கட்டுங்கள் என்றார். தலை சுற்றி, கடையிலேயே பெரிதாக இருந்த இரண்டாயிரம் லூமனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் தோள்பட்டை இறங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அதைப் போட்டேன். எதிர் மரத்தில் தூங்கப் போயிருந்த காக்கைகள் பொழுது விடிந்துவிட்டதென்று கத்தின. பள்ளம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போவதற்காகத்தானே டார்ச்? நான் பள்ளத்தின் மேல் வெளிச்சம் காட்டினேன். மேனேஜரோ தரையில் விழுந்த அந்த வட்டத்தை ஏதோ ஓடுகிற பிராணி என்று நினைத்து நேராகப் பள்ளத்துக்குள் பாய்ந்தார். கயிறு என் மணிக்கட்டில். மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள். மேலே ஏறி வந்து வெளிச்சத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் அவரும் சுவர்ப்பக்கம் பாய்ந்து, கீழ் வீட்டுக்காரர் ஆசையாய் வளர்க்கும் செடியின்மேல் காலைத் தூக்கிவிட்டார். நான் பதறிப்போய், "மேனேஜர், அங்க போகாதீங்க! பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? இப்படி ஓரமா வந்து போங்க!" என்று கத்தினேன். கீழ் வீட்டுக்காரர் ஒரு வங்கியில் மேனேஜர். அந்த நேரம் பார்த்து அதே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். "சார், நான் என் வீட்டுச் செடிக்குத் தண்ணிதான் ஊத்துறேன்" என்று ஒரு குரல் வந்த பிறகுதான் அங்கே ஆள் நிற்பதே எனக்குத் தெரிந்தது. இரண்டாயிரம் லூமன் அவர் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்ததாம்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த டார்ச்சில் இன்னொரு கோளாறையும் சொன்னேன். வெளிச்சத்தைச் சுற்றி வானவில்போல ஒரு வளையம் விழுகிறது. கடைக்காரர் கடைக்குள் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். "வளையமா? எங்க சார்?" என்றார். விற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக நெற்றியில் பட்டையால் கட்டிக்கொள்ளும் டார்ச் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு கையும் சும்மா இருக்கும், நாயைப் பிடிக்க வசதி என்றார். உண்மைதான். ஆனால் எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, யாராவது பேசினால் தலையை ஆட்டிக் கேட்பேன். தெருமுனையில் பக்கத்து வீட்டம்மா உன் அக்காவின் இடுப்பு வலி பற்றி விசாரித்தார். நான் மரியாதையாகத் தலையாட்ட ஆட்ட, நெற்றியிலிருந்து வெளிச்சம் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க, தூரத்தில் வந்த டாக்சி ஒன்று எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. "எங்க போகணும்?" என்றார் டிரைவர். எங்கும் இல்லை, நாயோடு நடக்கிறேன் என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "அப்ப எதுக்கு சார் லைட்டு காட்டிக் கூப்பிட்டீங்க?" என்றார். அதற்குள் டிரைவர் திறந்துவிட்டிருந்த பின்கதவு வழியாக மேனேஜர் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த டார்ச்சிலும் அதே வளையம்.

மூன்றாவதை போன் வழியாகத் தருவித்தேன். ஒரே ஒரு பொத்தான், ஆறு விதமான வெளிச்சம். கூடவே தமிழில் ஒரு தாள். எந்த இயந்திரம் மொழிபெயர்த்ததோ தெரியாது. எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்ததால் உன் அக்காவைப் படிக்கச் சொன்னேன். "பயனர் நீண்ட அழுத்தம் அடைந்தால் விளக்கு அமைதி பெறும்" என்று படித்தவள் தாளைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ஏற்கனவே அழுத்தத்துக்கு மாத்திரை ஓடுது, இதெல்லாம் வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. ஒருமுறை அமுக்கினேன், எரிந்தது. இருமுறை அமுக்கினேன், மங்கியது. மூன்றாம் முறை வெட்டி வெட்டி மின்ன ஆரம்பித்தது, அதன் பிறகு எத்தனை அமுக்கியும் அடங்கவில்லை. அது ஆபத்தில் இருப்பவர்கள் உதவி கேட்கும் மின்னலாம். நாங்கள் தெருக்கோடி போய்ச் சேர்வதற்குள் காவலாளி தடியோடும், ஒரு நர்ஸ் கைப்பையோடும், எதற்கென்று தெரியாமல் இரண்டு பேர் வாளியோடும் எங்களைக் காப்பாற்ற வந்துவிட்டார்கள். மேனேஜருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, தமக்கு வரவேற்பு என்று நினைத்து எல்லோர் கையையும் நக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கம்பெனிக்கு எழுதினேன், ஆபீஸில் எத்தனை பேரை நடுங்க வைத்த அதே நடையில். "தங்கள் விளக்கு அணைய மறுக்கிறது. இதற்கான உரிய விளக்கத்தை மூன்று தினங்களுக்குள் அனுப்பிவைக்கவும். தவறினால் மேல்நடவடிக்கை எடுக்கப்படும்." மூன்றாம் நாள் காலையில் பார்சல் வந்தது. பிரித்தால், உள்ளே இன்னொரு விளக்கு! எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் கேட்டது விளக்கம். ஆனால் வந்ததோ விளக்கு. எனக்கு வேண்டியது முழுமையான விளக்கம்" என்று மறுபடி எழுதினேன். இந்த முறை இரண்டே நாளில், முன்னதைவிட நீளமாய் ஒரு விளக்கு வந்தது. உடன் ஒரு சீட்டு: "சென்ற முறை முழுமையற்ற விளக்கு வந்ததற்கு வருந்துகிறோம்." அப்புறம் ஒரு பெண் போன் செய்தாள். "ஐயா, நீங்க கேட்ட விளக்கம் வந்துச்சுங்களா? சைஸ் சரியா இருக்குங்களா?" என்றாள். அவள்மேல் தப்பில்லை. எங்கள் ஆபீஸுக்கு வெளியே விளக்கம் கேட்டு யாரும் எழுதுவதே இல்லை என்பது எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிகிறது. சரியாக இருக்கிறது அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். பயத்தில் அதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை.

ஆக, வீட்டில் இப்போது நெற்றியில் கட்டுவது ஒன்று, மின்னுவது மூன்று, அலமாரியில் பழையது ஒன்று. ஐந்தையும் வரிசையாக வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் அதே வளையம், அதே மூட்டம். இந்தக் காலத்தில் பொருள்களின் தரம் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு ஒரே குழப்பம். நீ முப்பது வருஷமாக வயரோடும் விளக்கோடும் காலம் தள்ளுபவன். எத்தனை லூமன், த்ரோவா ஃப்ளட்டா, கையிலா தலையிலா, மஞ்சளா வெள்ளையா, வளையம் விழாத டார்ச் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் இக்கடிதம் கண்டவுடன் தெரிவிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இன்று செவ்வாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் வந்துவிடுவாள்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைப்போல் ஏணியில் ஏறாமலே உயரத்துக்குப் போகட்டும். உன் மனைவிக்கு எங்கள் அன்பு. மேனேஜர் தம் நாற்காலியில் இருந்தபடியே உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
உன் அத்தான்

நகல்: யாருக்கும் இல்லை, உன் அக்காவுக்குக் கண்டிப்பாக இல்லை.

பின்குறிப்பு: மேலே கண்ட கோரிக்கையை ரத்து செய்கிறேன். உறைமேல் உன் விலாசத்தை எழுதிவிட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு வரியின்மேல் இன்னொரு வரி ஏறியிருக்கிறது என்று நினைக்கிறேன். இதற்குமேலும் உனக்குப் பொய்யை ஒட்டி அனுப்ப மனம் வரவில்லை. நான் பள்ளத்தில் விழுந்தது இருட்டில் அல்ல. அன்று மேனேஜருக்கு வயிறு சரியில்லை, கௌரவம் பார்க்காமல் மாலை நாலரைக்கே கிளம்பிவிட்டார். நல்ல வெயில். பள்ளம் எனக்குத் தெரியாமல் இல்லை, இரண்டு பள்ளங்களாகத் தெரிந்தது. அதில் ஒன்றைச் சரியாகத் தாண்டினேன். எழுந்து வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். பட்டப்பகலில் விழுந்தேன் என்று தெரிந்தால் மகள் அன்றைக்கே நாயைக் கொண்டுபோய்விடுவாள், என்னையும் வாசல் தாண்ட விட மாட்டாள். அதனால் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் உள்ளே போய் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். அந்த இரண்டு மணி நேரமும் மேனேஜர் என்னோடு உட்கார்ந்திருந்தார், ஒரு சத்தம் போடவில்லை. டார்ச்சுகளில் குறை ஒன்றுமில்லை. கடைக்காரர் சொன்னது சரி, வளையம் என் கண்ணில்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஏதோ வேலையாக வந்ததுபோல் வந்து, என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போ. சரி செய்துவிடலாம் என்று அவர் சொன்னால் மகளிடம் நானே உண்மையைச் சொல்லி, நாய்க்குக் கொஞ்சம் அவகாசம் கேட்கிறேன். டார்ச் எதுவும் வாங்கி வராதே. வந்ததும் வாசலில் நின்று என்னை ஒரு குரல் கூப்பிடு. நேற்று உன் அக்கா எதிரில் வந்து நின்றாள், அவள் பேசுகிற வரைக்கும் நான் அவளை வாங்க, உக்காருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.