அமினோ அண்ணையின் கடைசி டின்

உலகத்திலேயே அதிகம் புரதம் தின்று, மிகக் குறைவாகச் சதை போட்ட மனிதர் திருகோணமலையில்தான் இருந்தார். எந்தக் கோவிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

துறைமுகத்தருகே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, அமினோ அண்ணை. உடம்பு கொடிக்கம்பம். விடியமுன் ஜிம், மத்தியானம் முட்டை வெள்ளைக்கரு, பின்னேரம் வெளிநாட்டுப் புரோட்டீன் மா. அந்த டின்னை அவர் திறக்கும்போது நாங்கள் எழுந்து நிற்காததுதான் குறை.

செத்தவீட்டு அந்தியேட்டிச் சாப்பாட்டில்கூடப் புரதக் கதையை விடமாட்டார்.

"தம்பி, சோத்தில லைசின் குறைவு. பருப்பில மெதியோனின் குறைவு. ரெண்டும் அமினோ அமிலம். ஒண்டின்ர குறையை மற்றது நிரப்பும். கலியாணம் எண்டால் இதுதான்."

அவர் கலியாணம் கட்டவில்லை. "என்ர குறைக்குச் சந்தைப் பருப்பு முழுக்கப் போட்டாலும் காணாது" என்பார்.

ஒருமுறை ஆணழகன் போட்டிக்குப் போனார். எண்ணெய் பூசி மேடைக்குப் பின்னால் நின்றவரிடம் ஒழுங்கமைப்பாளர் கேட்டார்: "எண்ணெய் பூசி விடுறவர்தானே? போட்டிக்காரர் எங்க?"

மேடையில் அவர் மூச்சைப் பிடித்துக் கையை மடக்கியதும் சபையிலிருந்து என் தம்பி குணம் கத்தினான்: "அண்ணை, ஃபானை நிப்பாட்டச் சொல்லட்டோ?"

மண்டபமே சிரித்தது. அமினோ அண்ணை கடைசியாக வந்தார். அன்றோடு குணத்துடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, புரோட்டீன் மாவும் இல்லை. துறைமுகத்துக்குள் கப்பலொன்று நுழைந்தால் ஜன்னலில் போய் நின்று, "இதிலயும் இராது, தம்பி" என்று பெருமூச்சு விடுவார். நெத்தலிக் கருவாட்டை இடித்து வாழைப்பழத்தோடு கரைத்துக் குடித்துப் பார்த்தார். ஜிம்மில் அவர் வேர்த்தவுடன் ஊர்ப் பூனைகள் வாசலில் கூடின. ஜிம்காரர் கும்பிட்டு வெளியே அனுப்பினார். மிஞ்சியது, அடுத்த போட்டிக்கென்று அலுமாரியில் உடைக்காமல் வைத்திருந்த ஒரேயொரு டின்.

குணம் சல்லிக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவன். வள்ளத்துக்கென்று வீட்டில் சேர்த்து வைத்த பெற்றோல் அந்த நாட்களில் தீப்பற்றியது. இரண்டு காலும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியில் புண் ஆறவேயில்லை. "புரதம் நல்லாய்க் குடுங்கோ. அப்பதான் தோல் வளரும்" என்றார் டொக்டர். முட்டை கிடைக்கவில்லை, கிடைத்ததையும் அவன் சத்தி எடுத்தான். அலுவலக மேசையில் தலையை வைத்து அழுதேன். அமினோ அண்ணை வார்ட் நம்பரை மட்டும் கேட்டார்.

மறுநாள் வார்டில் டின்னோடு நின்றார்.

"டொக்டரைக் கேட்டனான். ஓம் எண்டவர்."

மூடியை உடைத்து, மாவைக் கரைத்துக் கரண்டியில் நீட்டினார். குணம் முகத்தைத் திருப்பினான்.

"அண்ணை, உங்களைப் பகிடி பண்ணினனான்..."

"பண்ணினனீதான். வாயைத் திற."

"ஏலாது அண்ணை, நாத்தம்."

"எனக்கும் நாத்தம்தான்டா. இவ்வளவு வருசமும் ருசிக்கோ குடிச்சனான்?"

தினமும் வந்து கரண்டியால் பருக்கினார். டின் முடிகிற நேரம் காலில் இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் தெரிந்தது. மருந்தாலா, மாவாலா, எனக்குத் தெரியாது. அமினோ அண்ணை நெடுநேரம் அதையே பார்த்தார்.

"என்னில ஒருநாளும் பிடிக்காத சாமான், இவனில பிடிச்சிட்டுது" என்றார். வெளியே விறாந்தைக்குப் போய்த் தேம்பித் தேம்பி அழுதார். சந்தோசத்தில் அழுதார் என்று எழுதத்தான் ஆசை. அது அப்படியில்லை.

குணம் நடக்கிறான், முழங்கால் மடங்காததால் கடலுக்குப் போவதில்லை. அமினோ அண்ணை அதற்குப் பிறகு பாரம் தூக்கவேயில்லை. அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள். அவர் கண்டி வீதியில், கப்பல்துறை என்ற ஊரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார், இன்னும் மெலிந்து.

எப்போதாவது அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் சந்தித்தால் என் புஜத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார்.

"உருகிப்போனீர், தம்பி. ஒழுங்காச் சாப்பிடுறனீரோ?"

"ஓம் அண்ணை" என்று பொய் சொல்வேன். கண்டி வீதியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் சில நாட்களில் அந்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.