வெண்டர் பிடித்த நாலாவது வக்கீல்

கறுப்புக் கோட்டுப் போட்ட எவரும் வெண்டர் கண்ணில் பட்டுத் தப்பியதாகத் திண்டுக்கல் வட்டாரத்தில் சரித்திரமே கிடையாது. வடமதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில், கோர்ட்டு வாசல் ஜெராக்ஸ் கடையில் மேசை போட்டு முத்திரைத்தாள் விற்பவர் அவர். பெயரைக் கேட்டால் அவர் சம்சாரமே கொஞ்சம் யோசிப்பார்.

அந்த ஊரில் ஜட்ஜ் இருந்தார், டவாலி இருந்தார், வழக்குக் கட்டுகள் கூரை வரைக்கும் இருந்தன. வக்கீல்கள் மட்டும் மூன்றே பேர். சட்டம் படித்த பிள்ளைகள் எல்லாம் மதுரைக்கு பஸ் ஏறிவிடுவார்கள். வெண்டர் இதைத் தன் வீட்டுக் குறையாகவே எடுத்துக்கொண்டார். திண்டுக்கல் ஜங்ஷனில் ஒரு டிக்கெட் பரிசோதகருக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாய்க்கால் தகராறு ஒன்றை ஆதியோடந்தமாகச் சொல்லி, எப்போது வந்து வாதாடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். வரவேற்பு மேடையில் கோட்டோடு நின்ற மாப்பிள்ளையையும் விசாரித்தாராம். பெண் வீட்டார் நடுவில் புகுந்து மீட்டார்கள்.

நான் போனது வாடகை ஒப்பந்தத்துக்குப் பத்திரம் வாங்க. சட்டம் படித்து, வக்கீலாகப் பதிவும் செய்துவிட்டு, நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயந்து மாமனாரின் செல்போன் கடையில் உட்கார்ந்திருந்த காலம். பேச்சுவாக்கில் அதை உளறிவிட்டேன். வெண்டர் பேனாவை மூடினார்.

"செத்த நேரம் உக்காருங்க தம்பி, வாரேன்" என்றவர், என் பைக் சாவியையும் எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது ஒரு கையில் கறுப்புக் கோட்டு. பின்னால் பாப்பாத்தி என்ற அம்மாள், மடியில் வாடிய மல்லிகையோடு. அவருடைய பூத்தோட்டத்துக்குப் போகிற பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டு, பாதையே கிடையாது என்று வழக்கும் போட்டிருந்தார். அதோடு ஊரிலிருந்த மூன்று வக்கீல்களுக்கும் வக்காலத்துக் கொடுத்துவிட்டார். இனி அந்த அம்மாளுக்கு ஆளே கிடைக்காது என்று கணக்கு.

"பூவெல்லாம் செடியிலயே கருகுது சார். இன்னைக்கு எனக்காக யாரும் நிக்கலைன்னா நான் அந்தப் பாதையில போகக் கூடாதுன்னு தடை குடுத்துருவாகளாம்" என்றார் பாப்பாத்தி.

கோட்டு யாருடையது தெரியுமா? எதிர்த்தரப்பு மூவரில் ஒருவருடையது. அவருக்கே அந்தக் காரியம் பிடிக்கவில்லை போலும், ஸ்பேர் கோட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனேன். பின்வரிசையில் துண்டைக் கசக்கிக்கொண்டு நின்ற வெண்டருக்கு என்னைவிட அதிகமாக வியர்த்திருந்தது. நான் கேட்டது ஒரே கேள்வி: பாதை இல்லையென்றால், இத்தனை வருஷம் இந்த அம்மா எந்த வழியாகத் தோட்டத்துக்குப் போனார்?

ஜட்ஜ் எதிர்த்தரப்பைப் பார்த்தார். முதல் வக்கீல் இரண்டாமவரைப் பார்த்தார். இரண்டாமவர் மூன்றாமவரைப் பார்த்தார். பதில் சொல்வது மற்றவர் பொறுப்பு என்று ஆளாளுக்கு நினைத்திருந்தார்கள். தடை கிடையாது, வழக்கு முடியும் வரை பாதை திறந்திருக்க வேண்டும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். பாப்பாத்தி மடியிலிருந்த பூவை அள்ளி அப்படியே என் கையில் கொட்டினார்.

வெளியே வந்தேன். அத்தனை அதிகாரமாக என்னைப் பிடித்துவந்த மனிதர், சாவியை நீட்டியபோது கண்ணைப் பார்க்கவில்லை.

"மறுக்கா வருவீகளா தம்பி?" என்றார், மெதுவாக.

ஆறு வருஷமாக வந்துகொண்டிருக்கிறேன். தினமும் காலையில் நான் வண்டியை நிறுத்துகிற வரைக்கும் வெண்டர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் மேசையைத் துடைக்கப் போகிறார்.