கார்னர் கொடியருகே ஒரு கொள்ளிக்கண்

1964-ஆம் வருஷம் தாராவியில் எலுமிச்சம்பழத்துக்குத் திடீரென்று தட்டுப்பாடு வந்தது. ஊறுகாய் போடும் பருவமல்ல. பித்தம் தலைக்கேறியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் பழத்தைத் தங்கள் தலையில் தேய்த்துக்கொள்ளவில்லை. ஒரு கால்பந்தாட்டக்காரனின் தலையைச் சுற்றி எறிந்துகொண்டிருந்தார்கள்.

அவன் பெயர் வெயிலுமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பதனிட்டுப் பிழைக்கும் நம்மவர்கள் நடத்திய 'பொருநை ஸ்டார்' கிளப்புக்கு ஊரிலிருந்து புதிதாக வரவழைக்கப்பட்டவன். வலது ஓரத்தில் ஆடுபவன். ஓடுவதில் குறை சொல்ல முடியாது. எதிராளிகளைத் தாண்டிக் கோட்டோரமாகக் கடைசிவரை போய்விடுவான். பிறகு பந்தைத் தூக்கி, கோலுக்கு முன்னால் நிற்கும் மன்சூர் அலியின் தலைக்கு அனுப்பவேண்டும். அங்கேதான் வில்லங்கம். மன்சூர் அலியின் தலையைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் பந்து போகும். கார்னர் அடிக்கச் சொன்னால் இன்னும் மோசம்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்து மண்மேட்டில் நிபுணர்கள் கூடுவார்கள். வாழ்நாளில் பந்தைத் தொட்டறியாதவர்கள் என்பதால் அவர்கள் கருத்தில் தெளிவு அதிகம்.

"என்னலே இவன், கார்னர் அடிக்கச் சொன்னா டிராம்பே எண்ணெய் ஆலைக்குப் பார்சல் அனுப்புதான்?"

"காத்துவே. கழிமுகக் காத்து தூக்கிட்டுப் போயிருது."

"அந்தக் காத்து எதிர் டீமுக்கு மட்டும் லீவா?"

"ஊர்ல நல்லாத்தான அடிச்சான்! பம்பாய்த் தண்ணி ஒத்துக்கல."

"தண்ணியக் காலாலயா குடிக்கான்? பக்வாஸ் பேசாதேயும்!"

காற்று, தண்ணீர், பந்து, நடுவர் என்று எல்லாவற்றையும் விசாரித்தார்கள். ஒன்றை மட்டும் விசாரிக்கவில்லை. ஊரில் வெறுங்காலில் ஆடிப் பழகியவன் அவன். இங்கே வந்ததும் கிளப் தலைவர் கணேசபாண்டியன், தன் பட்டறையிலேயே, தன் கையாலேயே, அவனுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்திருந்தார். அசல் எருமைத் தோல். அடித்தோல் விரல் கனம். அதைப் போட்டுக்கொண்டு நடப்பதே ஒரு வேலை. ஆனால் தோலால் சோறு தின்கிற இடம் அது. அங்கே சாமியைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், தோலைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டார்கள்.

இப்படிக் காரணம் தேடி ஊரே தவித்த நேரத்தில்தான் நம்பிராஜ சுவாமிகள் எழுந்தருளினார். ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். சர்க்கஸ் மூடிய பிறகு தெய்வம் அவரிடம் வந்து சேர்ந்தது. தெய்வத்துக்கும் வேறு வேலை கிடைக்கவில்லை போலும்.

சுவாமிகள் மைதானத்தில் நின்றார். எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் இறுக்கினார். கண்ணை மூடினார். "பந்தில் குற்றமில்லை! பையன் காலில் குற்றமில்லை! காலணியிலும் குற்றமில்லை! கண்! ஒரு கொள்ளிக்கண் இவனைச் சுடுகிறது!" என்று முழங்கினார்.

காலணியில் குற்றமில்லை என்றதும் கணேசபாண்டியனுக்குப் பக்தி பொங்கிவிட்டது. அந்த இடத்திலேயே காலில் விழுந்தார்.

பரிகாரம் தொடங்கியது. மந்திரித்த செப்புத் தகடு ஒன்று பூட்ஸுக்குள் அடித்தோலின் மேலே வைக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு பதனிட்ட ஆட்டுத்தோல் காணிக்கை. திருஷ்டி அந்தத் தோலில் இறங்குமாம், சுவாமிகள் அதைக் கழிமுகத்தில் விட்டுவிடுவாராம். சாயங்காலப் பயிற்சி நேரம் முழுவதும் பூஜைக்குப் போயிற்று. பந்தடிக்க வேண்டியவன் சாம்பிராணிப் புகையில் உட்கார்ந்து இருமினான். கிளப்பின் இன்னொரு பெரியவரான கரீம் பாட்சா தன் பங்குக்கு ஓதிய தாயத்து ஒன்றைக் கொண்டுவந்து அவன் கணுக்காலில் கட்டினார். தேச ஒற்றுமைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்!

அடுத்த ஆட்டத்திலும் பந்து கோல் கம்பத்தின் பின்னால் போயிற்று. சுவாமிகள் இன்னொரு தகடு வைத்தார். அதற்கடுத்த ஆட்டத்தில் இன்னொன்று. பூட்ஸுக்குள் தகடு ஏற ஏறப் பந்து இறங்க மறுத்தது. மற்றவர்கள் புண்ணியத்தில் எப்படியோ கிளப் அரையிறுதிவரை வந்திருந்தது; ஞாயிற்றுக்கிழமை செம்பூர் அணியோடு ஆட்டம். "அந்தக் கண்ணு யாரோடதுன்னு சொல்லுங்க சாமி" என்று கூட்டம் நச்சரிக்கத் தொடங்கியது. இனிமேல் யாரையாவது காட்டியாக வேண்டும்.

சுவாமிகளின் விரல் சண்முகவடிவின் பக்கம் நீண்டது.

சண்முகவடிவு கார்னர் கொடிக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்துச் சுக்குக் காப்பியும் வடையும் விற்பவள். கணவன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அடுப்பு எரிந்தால்தான் மூன்று பேருக்கும் சோறு. கொள்ளிக்கண் எப்போதும் கேட்க நாதியில்லாத வீட்டில்தான் குடியிருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? பட்டறை முதலாளி எவருக்காவது கொள்ளிக்கண் இருந்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சுவாமிகள் ருசுவும் காட்டினார். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அவள் தலை தூக்கி மைதானத்தைப் பார்க்கும்போதெல்லாம், "சுடுகிறது! பழம் சுடுகிறது!" என்று துள்ளினார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. கூட்டம் வாயைப் பிளந்தது. பக்கத்தில் துண்டோடு நின்ற அவருடைய சீடன், அதாவது மச்சான் இசக்கி, பாவம், அடிக்கடி இருமிக்கொண்டு நின்றான்.

தீர்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வடிவு கடையை எடுத்துவிட வேண்டும். மைதானத்துப் பக்கமே தலைகாட்டக்கூடாது.

அன்றிலிருந்து அவளிடம் யாரும் காப்பி வாங்கவில்லை. நேற்றுவரை கடன் சொல்லிக் குடித்தவர்கள் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு போனார்கள். மன்சூர் அலி மட்டும் வந்தான். வராத பந்துக்கெல்லாம் குதித்துக் குதித்து அலுத்துப்போயிருந்தான்.

"வடிவக்கா, நீங்க நெசமாவே பாக்கும்போதெல்லாம் அவரு கரெக்டா சொல்லுதாரே, எப்படி?"

"எனக்கும் அதான் வயித்தெரிச்சல். ரெண்டு நாளா யோசிக்கேன். இந்த இசக்கி இருக்கான்லா, தினம் காலையில இங்க வந்துதான் காப்பி குடிப்பான். அரைமணி நேரம் கதையளப்பான். ஒரு நாளாவது இருமிப் பாத்ததில்ல தம்பி. அந்த ஆளு பக்கத்துல நின்னாத்தான் அவனுக்கு இருமல் வருது."

மன்சூர் தம்ளரைக் கீழே வைத்தான். "அரே! அப்போ சுடுறது பழமில்லையா?"

"வா, பழத்துக்கிட்டயே கேப்போம்" என்றாள் வடிவு.

சனிக்கிழமை சாயங்காலம். மைதானம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்துக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை. ஒருத்தியை விரட்டுவதென்றால் நமக்கு உற்சாகம் தனி.

வடிவு முன்னால் வந்து நின்றாள். "அண்ணாச்சி, நான் கடைய எடுத்துருதேன். அதுக்கு முன்ன எல்லாரும் பாக்க ஒரே ஒரு சோதன. சாமி கண்ணக் கட்டிக்கிடட்டும். அந்தா, காயப் போட்ட எருமத்தோலு திரை மாதிரித் தொங்குதுல்லா, அதுல ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா நான் எப்பப் பாக்கேன்னு பழம் சொல்லட்டும். சரியாச் சொல்லிட்டா, நான் தாராவிய விட்டே போறேன்."

சுவாமிகள் இசக்கியைப் பார்த்தார். இசக்கி தலையாட்டினான். "ஆகட்டும்!" என்றார் சுவாமிகள், கம்பீரமாக.

கண்ணைக் கட்டியதுதான் தாமதம், மன்சூர் இசக்கியின் தோளில் கைபோட்டான். அன்பான கைதான், ஆனால் இரும்புப் பிடி. சத்தமில்லாமல் அவனைத் தோல் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் உட்காரவைத்து, வாய்கொள்ளாத ஒரு மிளகு வடையை ஊட்டிவிட்டான். வடிவு நடந்துவந்து சுவாமிகளின் முகத்துக்கு நேராக நின்றாள். கண்ணிமைக்காமல் அவரையே முறைத்துப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்து மன்சூர் உதட்டில் விரல் வைத்தான்.

"சாமி, பழம் என்ன சொல்லுது?"

"குளிர்ந்திருக்கிறது. அவள் பார்க்கவில்லை."

வடிவு இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்தாள். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம்.

"இப்ப?"

"பனிக்கட்டி மாதிரி இருக்கிறது. பயந்து தலையைக் குனிந்துகொண்டாள்!"

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் இசக்கிக்கு வடை தொண்டையில் சிக்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் நேர்மையாக இருமினான்.

"சுடுகிறது!" சுவாமிகள் ஓரடி எகிறினார். "பார்க்கிறாள்! திரை ஓட்டையில் கொள்ளிக்கண்! ஐயோ, கை வேகிறது!"

மன்சூர் தோலை இழுத்துத் தள்ளினான். பின்னால் இசக்கி, கண்ணில் நீரும் வாயில் வடையுமாக. சுவாமிகள் கட்டை அவிழ்த்தார். எதிரே வடிவு.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. சிரித்து முடித்ததும் அவரவர் கொடுத்த ஆட்டுத்தோல் ஞாபகம் வர, கூட்டம் சுவாமிகளின் அறைக்கு ஓடியது. கழிமுகத்தில் போயிருக்க வேண்டிய தோல்கள் அங்கே உத்தரம் வரை அடுக்கிக் கிடந்தன, வியாபாரிக்குக் கட்டிய கயிற்றோடு. திருஷ்டியெல்லாம் இறங்கி நல்ல விலைக்குத் தயாராக இருந்தன. திரும்பி வந்து பார்த்தபோது சுவாமிகளைக் காணவில்லை. வெயிலுமுத்துவைவிட வேகமாக ஓடக்கூடிய ஒரு ஆள் தாராவியில் இருந்தது அன்றுதான் தெரிந்தது.

"அப்ப இவன் ஏன்வே ஒழுங்கா அடிக்கல?" என்றது ஒரு குரல்.

எல்லாரும் வெயிலுமுத்துவைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி... பூட்ஸு கனக்கு. கால் தூக்க முடியல."

கணேசபாண்டியனின் முகம் கறுத்தது. "முதல்லயே சொன்னா என்னலே?"

"நீங்க ஆசையாத் தச்சது. அதுலதான எனக்குச் சோறும் போடுதீய. எப்படிச் சொல்ல?"

மன்சூர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தான். தகடுகள் கலகலவென்று விழுந்தன. கணேசபாண்டியன் வெறும் பூட்ஸைக் கையில் வாங்கினார். தூக்கிப் பார்த்தார். தகடு இல்லாமலே கை தாழ்ந்தது.

வெறுங்காலோடு கார்னர் அடிக்கச் சொன்னார்கள். முதல் பந்து கம்பத்தின் பின்னால் போயிற்று. "பாத்தீரா! அப்பவே சொன்னேன்..." என்று ஒருவர் தொடங்கினார். வடிவு திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். இத்தனை நாள் பயிற்சியே இல்லாதவன் முதல் அடியிலேயே எப்படிச் சரியாக அடிப்பான்? திரும்பத் திரும்ப அடித்தான். பொழுது சாயும் நேரத்தில் பந்து வளைந்து வந்து மன்சூரின் நெற்றியில் விழுந்தது. மறுநாள் செம்பூர் அணியோடு போட்ட ஒரே கோலும் அப்படி வந்ததுதான். அது போதுமாயிருந்தது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியாதா!

திங்கட்கிழமை காலையில் வடிவு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெருங்கூட்டம் வந்தது. முன்னால் கணேசபாண்டியன், கையில் மாலையும் குங்குமமும்.

"தங்கச்சி, ஆட்டம் முழுக்க நீ எங்க பக்கமே பாத்துக்கிட்டு இருந்தியாம். ஒன் கண்ணு ஏக்தம் ராசியான கண்ணும்மா! பைனலுக்கும் நீதான் கார்னர்ல வந்து நிக்கணும்."

வடிவு ஊதுகுழலைக் கீழே வைத்தாள். எல்லாரையும் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது வெறும் கண்ணு. காப்பி பொங்குதான்னு பாக்கத்தான் ஆகும். இதே மாதிரி உங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு இருக்கு. அதுக்கு மேல ஒரு மண்டையும் இருக்கு. ஒருநாளாவது அதத் தொறந்து பாருங்க. ஆட்டுத்தோலு எதுவும் கேக்காது."