சாப்பிட்டு வந்தால் கெட்டுப்போகும் திரை

"நான் வெளியூர் போய் வேலை பாக்கணும்ப்பா."

என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் அப்பாவிடம் கேட்டுவிடாதே என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். மகள் கேட்டேவிட்டாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் வீட்டில் அவளுக்கு டிகிரி என்றே பெயர். அதை யாரும் மரியாதைக்காகக் கூப்பிடவில்லை.

அப்பா காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "முப்பது வருஷமா பஸ் ஓட்டுறேன். எல்லா ஊரையும் பாத்துட்டேன். ஒரு ஊரும் சரியில்லை."

"நீங்க பஸ் ஸ்டாண்டைத்தானே பாத்தீங்க?"

"டிகிரி, வாயைக் குறை. வீட்டுல உக்காந்து பாக்குற வேலைன்னா பாரு. யார் தடுத்தா?"

வேலைக்கு எடுத்திருந்த கம்பெனியில் கேட்டாள். வீட்டிலிருந்தும் பார்க்கலாமாம். ஆனால் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இயங்குதளம் போட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்குக் கம்பெனி மேடத்துக்குப் போனில் வீடியோ வழியாகத் திரையைக் காட்ட வேண்டும். அது சரியில்லை என்றால் திங்கட்கிழமை நேரில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

மறுநாளே அப்பா, டிப்போவில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். "இந்தா. வெளியூர் இங்கேயே வந்தாச்சு."

அவளுக்கு எரிந்தது. ஆனாலும் ஊர் போனால் போகிறது, வேலையாவது கையில் நிற்கட்டும் என்று உட்கார்ந்தாள்.

புதன்கிழமை லினக்ஸ் சமர்த்தாக ஏறியது. திரை பளிச்சென்று வந்தது. அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து போட்டால், எழுத்தெல்லாம் கடைப் பலகை அளவுக்கு வீங்கியிருந்தது. அழுத்த வேண்டிய பட்டன் திரைக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் கிடந்தது.

"யாராவது தொட்டீங்களா?"

"நான் ஸ்டியரிங்கைத் தவிர எதையும் தொடுறதில்லை" என்றார் அப்பா.

"எனக்கு அதைப் பாத்தாலே பயம்" என்றாள் அம்மா, மேசையைத் துடைத்தபடி.

போனில் தேடினாள். முகம் தெரியாத ஆயிரம் பேர் இதே கஷ்டத்தை எழுதி அழுதிருந்தார்கள். ஒருவன், முதலில் கேபிளைப் பாருங்கள் என்றிருந்தான். முதல் நாளே பார்த்துத்தான் மாட்டினேன், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று அவனைத் தாண்டிப் போனாள். இன்னொருவன் ஒரு வரிக் கட்டளை கொடுத்திருந்தான். வியாழக்கிழமை அதைத் தட்டினாள். திரை சரியானது. சாப்பிட்டு வந்தாள். திரை முழுக்க ரோஸ் நிறம்.

"நல்லாத்தானே இருக்கு. பஸ்ஸுக்கே அடிக்கலாம் இந்தக் கலரை" என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை, திரையை இயக்குகிற டிரைவர் மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்று போடச் சொல்லி ஒருவன் எழுதியிருந்ததை நம்பினாள். பழையது போனது, புதியது வரவில்லை. கறுப்புத் திரையின் மூலையில் ஒரு கோடு மட்டும் கண்ணடித்தது. எல்லாவற்றையும் அழித்து மறுபடி முதலிலிருந்து. பிறகு மறுபடி. அப்பா பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"நியூட்ரலுக்குக் கொண்டு வந்து ஸ்டார்ட் பண்ணிப் பாரேன்."

"அப்பா, நீங்க இறங்கிக்கோங்க."

நகத்தைக் கடித்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், யாருக்கோ பதில் சொல்வது போல வாய்க்குள் திட்டினாள். படித்த மூன்று வருஷத்தில் கணக்குப்பதிவியல் சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பிட்டு வருவதற்குள் மனசு மாறுகிற இயந்திரத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சனிக்கிழமை திரை கண்ணாடி போல வந்தது. இன்றைக்குச் சாப்பாடே வேண்டாம் என்று காவல் உட்கார்ந்தாள். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அம்மா வந்தாள்.

"முகத்தையாவது கழுவிட்டு வாடி. அந்த மேடம் பேய்னு நினைச்சுக்கப் போறாங்க."

மூன்றே நிமிஷம். ஈர முகத்தோடு ஓடிவந்தாள். போன் அடித்தது. திரைக்கு நேராகப் பிடித்தாள்.

"இது என்னம்மா கலர்?" என்றார் மேடம்.

"ஒரு நிமிஷம் மேடம்." அணைத்துப் போட்டாள். அதே ரோஸ், இப்போது கடைப் பலகை எழுத்தோடு. இன்னொரு முறை அணைத்துப் போட்டாள். சுத்தமாக இருட்டு.

"ஒரு வாரம் டைம் கேளு" என்று அப்பா கிசுகிசுத்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மேடம், திங்கக்கிழமை காலைல நேர்லயே வந்துடுறேன்."

போனை வைத்தாள்.

"நான் சரின்னு சொல்லலையே" என்றார் அப்பா.

"நான் உங்களைக் கேக்கலையேப்பா. நீங்க சொன்ன மாதிரி வீட்டுல உக்காந்து பாத்தாச்சு. நடக்கலை. நாளைக்குக் கிளம்புறேன்."

முப்பது வருஷமாக வளைவுகளில் வண்டி திருப்பியவருக்கு அந்த வளைவு மட்டும் பிடிபடவில்லை. இருட்டுத் திரையை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, "டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னாடி உக்காரு. அங்கதான் அதிகமா ஆட்டாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கேட்டைத் தாண்டித் தெருமுனைக்குப் போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. செருப்புச் சத்தம் பின்னாலேயே வந்தது. அம்மா மூச்சு வாங்க ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தாள். வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏண்டி, அந்தத் திரைக்குப் பின்னாடி இருக்கிற வயரோட ஸ்க்ரூவை இனிமே இறுக்கிடலாமா? நாலு நாளா தளர்த்தித் தளர்த்தி விரலெல்லாம் காய்ச்சுப்போச்சு."