பொருத்தத்தாரும் பன்னிரண்டு கோர் சேர்வரும்

வந்த வாடிக்கையாளரைத் துரத்துவதற்கென்றே கடை நடத்திய ஒரே மனிதர் குடாநாட்டில் பொருத்தத்தார்தான். மானிப்பாயில் பழைய கொம்பியூட்டர் விற்கிற கடை அவருடையது. விற்கிற கடை என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ஐந்து பேர் போனால் நாலு பேர் ஏச்சு வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவார்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஏதோ இருக்கும். நான் கேட்டதில்லை. பொருத்தம் பார்க்காமல் ஒருவருக்கும் ஒரு மெசினையும் கொடுக்கமாட்டார் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. கலியாணத்துக்குப் பார்க்கிற அதே பத்துப் பொருத்தம்தான். மனிதருக்கு இருப்பதுபோலப் புரொசசருக்கும் சாதகம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லுவார். எந்த ஆண்டு பிறந்தது, எத்தனை கோர் (உள்ளே இருந்து வேலை செய்கிற ஆட்கள் என்பார்), என்ன வேகம், எவ்வளவு கரண்ட் தின்னும், எவ்வளவு சூடு பிடிக்கும் என்று ஒரு தடித்த கொப்பியில் கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் கொழும்புக் கந்தோர்கள் கழித்துவிட்ட சேர்வர்களின் புரொசசர்கள். எதிர்ப் பக்கத்தில் பழைய லப்டொப்களின் புரொசசர்கள். நமக்கு என்ன வேலை என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் புள்ளி போடுவார். பத்துக்கு ஆறு வந்தால் மெசின் தருவார். ஐந்தரை வந்தால் வாசலைக் காட்டுவார்.

ஒருநாள் இளைப்பாறிய அதிபர் ஒருவர் வந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை அதட்டியே பழகிய மனிதர்.

“உந்தப் பெரிய சேர்வரை எடும். பன்னிரண்டு கோர் எண்டு போட்டிருக்கு.”

“ஐயா என்ன வேலைக்கு?”

“லண்டனிலை மகளோடை கதைக்க. பிறகு பேப்பர் வாசிக்க.”

“பேப்பர் வாசிக்கப் பன்னிரண்டு பேர் என்னத்துக்கு ஐயா? ஒருத்தன் வாசிப்பான். மற்றப் பதினொரு பேரும் உங்கடை கரண்டைத் திண்டுகொண்டு சும்மா குந்தியிருப்பாங்கள்.”

அதிபர் சிவந்த முகத்தோடு வெளியேறினார். பொருத்தத்தார் கொப்பியை மூடிவிட்டு வெறும் தேத்தண்ணீர் குடிக்கத் தொடங்கினார்.

பருத்தித்துறையில் மீனுக்கு ஐஸ் போடுகிற வாடி வைத்திருந்த ஒருவர் நேர்மாறு. இரவு பகலாகக் காவல் கமராக்கள் ஓட ஒரு லப்டொப் வேண்டும் என்றார்.

“லப்டொப் ஓட்டப் போட்டிக்காரன். நூறு யார் பறப்பான், பிறகு சூடேறி நாக்குத் தள்ளுவான். உமக்கு வேண்டியது வண்டில் மாடு. மெல்லமாய்ப் போகும், ஆனால் நிக்காது” என்று சொல்லி ஒரு சேர்வரைத் தலையில் கட்டினார். அது உடையக்கூடாது என்று தானே பஸ்ஸில் கொண்டுபோனார். அதற்கும் ஒரு ரிக்கெற் எடுத்து, யன்னலோரம் இருத்தினார். வழியில் வயதான அம்மா ஒருவர் ஏறினார். பொருத்தத்தார் எழும்பி அவருக்கு இடம் கொடுத்தார். சேர்வரை எழுப்பவில்லை.

இந்த மனிதரிடம்தான் நானும் போய் மாட்டினேன்.

எனக்குக் கலியாண வீடியோ எடுக்கிற தொழில். அச்சுவேலியில் ஒரு கலியாணம் வந்தது. பெண்ணின் தகப்பன் பிரான்சில். விசா சரிவரவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போகமுடியாது. மகளை நாலு வயதில் விட்டுப் போனவர். தொலைபேசியில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“தம்பி, தாலி கட்டேக்கை நான் பாக்கவேணும். மற்றது ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

நான் லேசில் இளகுகிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பிறகு என் பழைய மெசினை நம்பி மண்டபத்துக்குப் போக எனக்குத் துணிவில்லை. பொருத்தத்தாரிடம் ஓடினேன்.

“அச்சுவேலியிலை கலியாணம், தகப்பன் பிரான்சிலை. மூண்டு கமராவை ஒண்டாக்கி அவருக்கு நேரடியாய் அனுப்பவேணும் அண்ணை. அந்தப் பன்னிரண்டு கோரைத் தாங்கோ.”

அவர் கட்டம் போட்டார். முனகினார். அழித்துவிட்டு மறுபடியும் போட்டார்.

“நாலரை. தரேலாது.”

“ஏன்?”

“சேர்வர் ஒரு இடத்திலை குந்தியிருந்து வேலை செய்யிற சாமான். நீர் அதைக் கலியாண வீட்டுக்கு இழுக்கப்போறீர். கரண்ட் போனால்?”

“கரண்ட் உடனை வந்திடும்.”

“கரண்ட் வரும், சேர்வர் வராது. அது எழும்பப் பதினைஞ்சு நிமிசம். பல்லு விளக்கி, முகம் கழுவி, கோயிலுக்கும் போயிட்டுத்தான் வேலைக்கு வரும்.”

“அப்ப லப்டொப்பைத் தாங்கோவன்.”

“அதுக்கு ஐஞ்சு. கரண்ட் போனாலும் பற்றரியிலை நிக்கும். ஆனால் சூட்டிலை படுத்திடும்.”

“அப்ப நான் என்னதான் செய்யிறது?”

“கலியாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும்.”

“உங்களுக்கு விசர்!” என்று கத்திவிட்டுச் சேர்வரைத் தூக்கினேன். பொருத்தம் இல்லை என்று தெரிந்தே கொண்டுபோகிறேன் என்று கொப்பியில் கலியாண நாளும் மண்டபமும் போட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வழிவிட்டார்.

கலியாணத்தன்று காலை மணவறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு அதை முடுக்கினேன். பலாலியில் விமானம் கிளம்புகிற மாதிரி அதிலிருந்து சத்தம் வந்தது. தவில்காரர் எழும்பி வந்தார்.

“தம்பி, முதல் உங்கடை மேளத்தை நிப்பாட்டும். பிறகு நாங்கள் எங்கடையை அடிக்கிறம்.”

எப்படியோ சமாளித்தேன். பாரிஸில் படம் தெளிவாகத் தெரிந்தது. அப்போது மாப்பிள்ளை வீட்டு மகாராணி ஒருத்தி, கோப்பி கொதிக்கவைக்கிற பெரிய கேத்தலைக் கொண்டுவந்து என் பிளக்கிலேயே செருகினாள். ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. ஒரு நிமிடத்தில் கரண்ட் வந்தது. சேர்வர் பல்லு விளக்கத் தொடங்கியது.

“முகூர்த்தத்துக்கு ஆறு நிமிசம்” என்றார் ஐயர்.

என் கைத்தொலைபேசியில் தகப்பனின் குரல். “தம்பி, படம் தெரியேல்லை. தம்பி? நிக்கிறீரோ தம்பி?”

நான் சேர்வரின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினேன்.

“தள்ளும்” என்று பின்னால் ஒரு சத்தம். பொருத்தத்தார். அழைப்பில்லாமல் மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். கையில் துவாயால் சுற்றிய அவருடைய சொந்த லப்டொப்.

“நீங்கள் எப்பிடி அண்ணை இஞ்சை?”

“நாலரைக்குக் கையெழுத்து வைச்ச ஆளை நம்பி நான் வீட்டிலை இருக்கேலுமே? ஒரு கமராவின்ரை வயரைத் தாரும். மற்ற ரெண்டும் தன்பாட்டிலை பதியட்டும்.”

மூன்று நிமிடத்தில் பாரிஸில் படம் வந்தது. அடுத்த நிமிடம் லப்டொப் சூடேறி, படம் விக்கி விக்கி நின்றது. பொருத்தத்தார் நாலு பக்கமும் பார்த்தார். மணவறையில் மாப்பிள்ளைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்த ஃபானை அப்படியே லப்டொப் பக்கம் திருப்பி, அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குந்தினார். படம் மறுபடி ஓடத் தொடங்கியது.

மாப்பிள்ளையின் பெரியப்பா பாய்ந்து வந்தார். “ஓய்! மாப்பிள்ளைக்கு வேர்க்குதுகாணும்! திருப்பும் ஃபானை!”

“மாப்பிள்ளை வேர்த்தாலும் தாலி கட்டுவார். இது வேர்த்தால் ஒண்டும் செய்யாது.”

பெரியப்பா ஃபானைப் பிடித்து இழுத்தார். பொருத்தத்தார் விடவில்லை. மணவறையிலிருந்து மாப்பிள்ளைதான் சொன்னான், பவுடர் வழிகிற முகத்தோடு: “விடுங்கோ பெரியப்பா. மாமா பாக்கட்டும்.”

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. தொலைபேசியில் தகப்பனின் குரல்: “பாத்திட்டன் தம்பி. பாத்திட்டன்.”

அந்தச் சேர்வர் இப்போது என் ஸ்ரூடியோ மூலையில் ஒரே இடத்தில் குந்தியிருந்து, வீடியோக்களைக் கோர்த்து முடிக்கிற வேலையை நாள் முழுக்க அலுக்காமல் செய்கிறது. மனிதர் சொன்னது சரி என்று நான் இதுவரை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.

அந்தக் கலியாண வீடியோவைக் கோர்த்ததும் அதில்தான். இரண்டாவது கமராவில் தாலி கட்டுகிற காட்சியின் ஓரத்தில் பொருத்தத்தார் இருக்கிறார். ஃபானைக் கட்டிப்பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறார். “ஆர் அந்த ஆள்? வெட்டிவிடுங்கோ” என்று மாப்பிள்ளை வீட்டார் மூன்று தரம் தொலைபேசி எடுத்தார்கள். எத்தனையோ கலியாணங்களில் எத்தனையோ பேரை ஈவிரக்கமில்லாமல் வெட்டி எறிந்தவன் நான். மெசின் பழுது, இனி ஒன்றும் வெட்டமுடியாது என்று மூன்று தரமும் பொய் சொன்னேன்.