கொன்பரன்ஸ் மாறினாலும் நான் மாறமாட்டேன்

மில்லிக்கன், கனடா,
யூன் 7

பெருமதிப்புக்குரிய தியாகலிங்கம் அத்தான் அவர்களுக்கு,

நானும் யோகமலரும் நலம். மிசிசாகாவில் நீங்களும் அக்காவும் அவ்வண்ணமே இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நேற்று நீங்கள் தொலைபேசியில் விட்ட செய்தியை இரண்டு தரம் கேட்டேன். "அருள்நாயகம், உனக்கு விசரோ? பெட்டை பந்தடிக்கிற இடமெல்லாம் பின்னால திரியிறதை நிப்பாட்டு" என்று உரிமையோடு கண்டித்திருந்தீர்கள். உங்கள் மீதுள்ள மரியாதை இம்மியும் குறையாமல் பதில் எழுதுகிறேன்: நிப்பாட்டமாட்டேன்.

நடந்தது உங்களுக்கு முழுதாகத் தெரியாது. எங்கள் மகள் துர்க்கா எல்லைக்கு அப்பால் அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கரப்பந்து விளையாடச் சேர்ந்தாள் அல்லவா, அதன் பெயரை எழுதி என் பேனையைப் பழுதாக்க விரும்பவில்லை, அப்போது அவர்கள் இருந்த கொன்பரன்ஸில் எல்லாம் அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்கள்தான். தங்களுக்குள் போட்டி வைத்துக்கொள்ளும் ஒரு கூட்டு, அவ்வளவுதான். காலையில் றோல்ஸ் பொரித்துக்கொண்டு காரில் வெளிக்கிட்டால், ஆட்டம் பார்த்து, தேவையான இடத்தில் சத்தம் போட்டு, பிள்ளைகளுக்கு றோல்ஸும் கொடுத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம். ஒரு வருடம் அப்படிச் சந்தோசமாகப் போனது. அடுத்த வருடம் பெருமக்கள் அந்தக் கூட்டை விட்டு விலகித் தெற்கே ஒரு கொன்பரன்ஸில் சேர்ந்தார்கள். நான் விட்டேனா? பதினேழு மணித்தியாலம் கார் ஓடினேன். எல்லையில் அதிகாரி றோல்ஸ் பெட்டியைத் திறந்து, உள்ளே இறைச்சி என்று அவ்வளவையும் எடுத்துவிட்டான். வழியில் யோகமலருக்கு வாந்தி, எனக்கு முழங்கால் பிடிப்பு. போய் இறங்கினால் அங்கே வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்த வசந்தத்தில் இரண்டாவது அறிவிப்பு. இனிமேல் மேற்குக் கொன்பரன்ஸாம்: கலிபோர்னியா, அரிசோனா. உறுப்பினரைக் கேளாமல் ஒரு அமைப்பு எப்படி இடம் மாறலாம்? எங்கள் ஊர்ச்சங்கத்தில் கிரிக்கெட் மட்டை வாங்குவதற்கே பொதுக்கூட்டம் கூட்டுவோம். ஆகவே பெற்றோர் தினத்தன்று, பதினெட்டு வருடம் செயலாளராக இருந்த அனுபவத்தில், அவர்களுடைய பார்க்கிங் லொட்டிலேயே கூட்டத்தைக் கூட்டினேன். நம்முடைய ஊர்ச்சங்க யாப்பை, விதி விதியாக, ஆங்கிலத்தில் வாசித்தேன். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஏகமனதாகத் தெரிவு. ஒரு வெள்ளைக்காரத் தகப்பனைப் போஷகராகப் போட்டோம். "எனக்கு என்ன வேலை?" என்று கேட்டான். "ஒன்றுமில்லை, முன்வரிசையில் இருப்பது" என்றேன். நல்ல மனிதன், உடனே ஒரு கதிரை கொண்டுவந்து முன்னால் போட்டு இருந்தான். துர்க்காதான் பஸ்ஸடியிலிருந்து ஓடிவந்தாள். "அப்பா, பிளீஸ், மற்ற அப்பாமார் மாதிரிச் சும்மா இருங்கோவன்!"

விளையாட்டுத்துறைப் பணிப்பாளருக்குக் கண்டனக் கடிதம் போனது. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று பதிலும், தான் சிரிக்கும் படமும் அனுப்பியிருந்தார். அதற்குள் எங்கள் பொருளாளர் புதிய கொன்பரன்ஸை ஆதரித்து இன்னொரு சங்கம் தொடங்கிவிட்டார். ஒரே கிழமையில் பிளந்தது என்றால், அது உண்மையான சங்கம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? நானும் மூன்று ஊர்ச்சங்கம் மாறியவன்தானே என்று நீங்கள் குத்திக் காட்டியிருந்தீர்கள். நான் மாறியது கொள்கைக்காக. இவர்கள் மாறியது தொலைக்காட்சிக்காரன் கொடுக்கும் காசுக்காக.

அத்தான், ஒன்று சொல்கிறேன். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாடிய ஒரு ஆட்டத்துக்கும் நான் போனதில்லை. பகலில் ஒரு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை. அவள் வெற்றிக்கிண்ணத்தோடு வீட்டுக்கு வரும்போது நான் நித்திரை. அது எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது. இன்னும் இரண்டே வருடம்தான் விளையாடுவாள். அவர்கள் சந்திரமண்டலக் கொன்பரன்ஸில் சேர்ந்தாலும் நான் போவேன். ஆறு விமானப் பயணத்துக்குப் பதிந்தாயிற்று. காசு திருப்பித் தரமாட்டார்களாம். தரச்சொல்லி யார் கேட்டது?

அக்காவின் பாதங்களுக்கு என் வணக்கம். உங்கள் பிரஷருக்கு உப்பைக் குறையுங்கள். கோபத்தைக் குறைத்தாலும் நல்லது.

என்றும் உங்கள் அன்புக்குப் பாத்திரமான, ஆனால் சொல்வழி கேளாத,
அருள்நாயகம்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும்போது துர்க்கா தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, நான் ரொறன்ரோவுக்கே மாறி வாறன். போன வருசம் பிளேன்ல ஏறி இறங்கியே பாதி லாப் கிளாஸ் மிஸ் பண்ணிட்டன். அங்க யூனிவர்சிட்டி டீம்ல எடுத்திட்டினம்." வீட்டிலிருந்து அரை மணித்தியாலம், அத்தான்! நான் அழுதுவிட்டேன். பிறகு சொன்னாள், ஒரேயொரு நிபந்தனையாம். "நீங்களும் அம்மாவும் மச் பாக்க வரக்கூடாது. நீங்கள் கத்தினா எனக்குப் பந்தே பிடிபடுதில்லை." ஓம் என்று சொல்லிவிட்டேன், வேறு என்ன சொல்ல? மாமா வரக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. நீங்கள் நல்ல உயரம், அகலமும் இருக்கிறது. ஐப்பசியில் முதல் ஆட்டம். எனக்கு முன் கதிரையில் வந்து இருப்பீர்களா? நான் வாயே திறக்கமாட்டேன்.