போட்டியாளருக்கு நான் வழங்கிய ஆசி

மதிப்பும் மாண்பும் நிறைந்த சம்பந்தி அவர்களின் திருமுன்னர்,

எல்லாம் வல்லவன் அருளால் இவ்விடம் அனைவரும் உடலளவில் நலம். மனத்தளவிலும் நலம் என்று எழுத முந்தாநாள் வரை கை வரவில்லை, இன்று வருகிறது. தங்கள் மூட்டுவலியும் சம்பந்தியம்மாளின் இருமலும் தணிந்திருக்க அன்றாட வழிபாட்டில் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் மகளும் என் மருமகளுமாகிய நம் குழந்தை, நகரசபைத் தேர்தலில் எங்கள் வார்டில் சுயேச்சையாக நிற்கிறாள். இவ்வரியைப் படித்ததும் தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பீர்கள் என்பதை நான் அறிவேன். தயைகூர்ந்து மீண்டும் அணிந்துகொண்டு மேலே படிக்கவும். அவள் வேலைபார்க்கும் மருந்துக்கடைக்கு எதிரேயுள்ள பிரசவ ஆஸ்பத்திரியை இடித்துவிட்டு, அவ்விடத்தில் கார்கள் நிறுத்த இடம் கட்டுவதென்று நகரசபை முடிவெடுத்துவிட்டது. மனிதர் பிறக்கும் இடத்தில் கார் நிற்குமாம். அடுத்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அப்பால். நிறைமாதக்காரி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கவேண்டும். இந்த முடிவு தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் பெரிய துயரம். தெரியப்படுத்தத் துண்டறிக்கை வேண்டும், கூட்டம் போட மண்டபம் வேண்டும். அச்சகக்காரரோ முன்பணம் வராமல் மையைத் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆகவே நிதி திரட்டும் பொறுப்பை வீட்டார் கூடி என் தலையில் கட்டினார்கள். உங்க வெள்ளைத் தாடியைப் பார்த்தா யாரும் இல்லைன்னு சொல்லமாட்டாங்க அப்பா என்றான் என் மகன். தாடி சம்மதித்தது, நாக்குத்தான் சம்மதிக்கவில்லை.

பிரார்த்தனைக் கூடத்தில் ஆண்டுக்கணக்காக ஈகையின் பெருமையை விரித்துரைத்தவன் நான். ஆனால் கேட்பது எப்படி என்று எந்த நூலிலும் ஊன்றிப் படித்ததில்லை. பழம்புலவர்கள் வள்ளலை முதலில் புகழ்ந்து, பிறகே தம் வறுமையைச் சொல்வார்கள் என்பது மட்டும் நினைவிருந்தது. அந்த முறைப்படி முதலில் தையல்காரர் வீட்டுக்குப் போய், அவருடைய முன்னோரில் தொடங்கி, கையின் நேர்த்தி, ஊசியின் கூர்மை, மனத்தின் அகலம் என்று வரிசையாகப் புகழ்ந்துகொண்டே போனேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அவர் மனைவி, ஏங்க, இறந்தவங்களைப் பேசற மாதிரியில்ல பேசறாரு, உங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டு ஏதாச்சும் இவர் கையில கிடைச்சுதா என்று கேட்டுவிட்டாள். பதறிப்போய், வந்த காரியத்தைச் சொல்லாமலே, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். அவசரத்தில் அள்ளிப்போட்ட துண்டோடு அவருடைய அளவுநாடாவும் என் தோளில் வந்துவிட்டது. நிதி திரட்டப் போனவன் பிறர் பொருளைக் கொண்டுவந்த கதையாயிற்று.

மருமகள் கடிந்துகொள்ளவில்லை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மாமா, ரொம்பச் சுருக்கமாப் பேசுங்க, ஆஸ்பத்திரிய இடிக்கப் போறாங்க, அதைத் தடுக்க என் மருமக நிக்கிறா, முடிஞ்சதைக் குடுங்க, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தாள். நிலைக்கண்ணாடி முன் நின்று மனனம் செய்தேன். மறுநாள் பலித்தது. பால்காரர் கொடுத்தார், சலவைக்காரர் கொடுத்தார், வாடகைக்கு இருக்கும் கணக்காளர்கூடக் கொடுத்தார். கொடுத்த ஒவ்வொருவரையும், "எண்ணியது ஈடேறட்டும், எடுத்த காரியம் வெல்லட்டும்" என்று மனமார வாழ்த்திவந்தேன். அறநெறியில் இரந்து செல்பவன் ஒரு வாசலையும் தாண்டிப் போகக்கூடாது. தாண்டினால் அந்த வீட்டாரின் அறத்தை நாம் ஐயுற்றதாகும். இந்த நியமம் சிறுவயதிலிருந்தே என் எலும்பில் ஊறியது. அதனால்தான், சம்பந்தி அவர்களே, தெருமுனை வீட்டையும் நான் தாண்டவில்லை.

தெருமுனை வீடு இப்போதைய கவுன்சிலருடையது. அவரே மருமகளுக்கு எதிராக மீண்டும் நிற்பவர். ஊரில் அவருக்கு ரிப்பன் என்று பெயர். எதைத் திறந்தாலும் கத்தரிக்கோலும் கையுமாக அவர்தான் நிற்பார். தம் ஆட்களோடு வாசலில் அமர்ந்திருந்தார். நான் மனனம் செய்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் பையில் கைவிட்டு, தெருவில் வேறு யாரும் கொடுக்காத பெரிய தொகையை எடுத்து என் கையில் வைத்து, எல்லாரையும் வாழ்த்தறீங்களாமே பெரியவரே, என்னையும் வாழ்த்துங்க என்று தலை குனிந்தார். என்ன செய்வது? வாய் தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. எடுத்த காரியம் வெல்லட்டும் என்றேன். கைதட்டல் எழுந்தபோதுதான் அவர் எடுத்த காரியம் எதுவென்பது எனக்கு உறைத்தது. அதற்குள் ஒருவன் எல்லாவற்றையும் போனில் பிடித்து, எதிராளியின் மாமனாரே எங்கள் பக்கம் என்ற தலைப்போடு வார்டு முழுக்க அனுப்பிவிட்டான்.

மகன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். வாக்குப் பலிக்கும் என்று வாழ்நாளெல்லாம் சொற்பொழிவாற்றிவிட்டு, இந்த ஒரு வாக்கு மட்டும் பலிக்கக்கூடாதென்று இறைவனிடம் எந்த முகத்தோடு வேண்டுவேன்? மருமகளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் தேர்தல் வேலையாக வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"வாழ்த்தினது வாழ்த்தினதுதான் மாமா. அவரும் நல்லா இருக்கட்டும். ஓட்டை மட்டும் நாம கேட்டு வாங்கிக்கலாம்."

இப்படியொரு பெண்ணைப் பெற்றவரை நான் என்னவென்று புகழ்வது? தையல்காரர் அனுபவம் இருப்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை அந்தத் தையல்காரரின் மனைவியே வந்தாள். அளவுநாடாவுக்காக என்று எண்ணி எடுத்து நீட்டினேன். அவள் அதை வாங்காமல், ஐயா, ஆஸ்பத்திரிய நிஜமாவே இடிக்கிறாங்களா, வீடியோவுல நீங்க சொல்றீங்க, அந்த ஆளு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலியே, பணத்தையில்ல எடுத்துக் குடுக்குறான் என்று கேட்டாள். அவள் மகளுக்கு இது நிறைமாதம். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. துண்டறிக்கை சொல்லவேண்டியதை ரிப்பனின் ஆட்களே தங்கள் செலவில் வார்டு முழுவதும் சொல்லியிருக்கிறார்கள். மாலையில் அச்சகக்காரரும் வந்து, முன்பணத்தைப் பற்றி மூச்சே விடாமல், அடிக்க ஆரம்பித்துவிட்டேன் என்றார். என் வாக்கு அவரையும் உருக்கிவிட்டது போலும். மகன் மறுபடி பேசுகிறான்.

ஆதலால் ஒரே விண்ணப்பம். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற வருத்தத்தை விட்டு, வரும் ஞாயிறு கூட்டத்தில் தாங்கள் முன்வரிசையில் அமரவேண்டும். தந்தையின் முகத்தைப் பார்த்தால் அவள் இன்னும் நிமிர்ந்து பேசுவாள். பணம் கேட்டு இக்கடிதம் எழுதவில்லை. சம்பந்தியிடம் கை நீட்டும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

தங்கள் இல்லத்தில் நிறைவும் நீள் ஆயுளும் நிலைக்க இறைவன் துணைநிற்பானாக.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி.

பி.கு.: உறையில் இடுமுன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். வீடியோவைப் பார்த்த அன்றே தாங்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அச்சகத்துக்கு முழுப்பணமும் அனுப்பிவிட்டீர்களாம். அவளை நிற்கச் சொன்னதே தாங்கள்தானாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திற்குத் தலைமையும் தாங்களாம். நிதி திரட்டும் பொறுப்பில் இருக்கும் எனக்கு இவையெல்லாம் தெரிந்தால் சங்கடப்படுவேன் என்று மறைத்தீர்களாம். ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவும். கொடுத்தவரை வாழ்த்தாமல் இருக்க என்னால் இயலாது. ஆயினும் இனி விசாரிக்காமல் வாழ்த்துவதில்லை. தாங்கள் எண்ணியது என்ன, எடுத்த காரியம் எது என்பதை மறுதபாலில் தெளிவாகத் தெரிவிக்கவும்.